அபுனைவுக்கு ஒரு பேராசிரியர்: ஃபின்லாந்தில் இப்படியும் ஒரு மொழியாய்வு

மொழியறிஞர் என்று ஒருவரை அறிமுகப்படுத்தினால், எதிரில் இருப்பவர் தன் பேச்சில் பிழை வந்துவிடுமோ என்று கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்வார். அபுனைவு எழுத்து என்றால் நிலைமை வேறு. விஷயம் தெரிந்த ஆள் நேரம் ஒதுக்கி உட்கார்ந்தால் தானாக வந்துவிடும் சமாச்சாரம் அது, அதில் ஆராய என்ன இருக்கிறது என்ற எண்ணம் நன்றாகப் படித்தவர்களிடமும் உண்டு. இரண்டையும் சேர்த்து 'அபுனைவு எழுத்தை ஆராயும் ஃபின்னிஷ் மொழியறிஞர்' என்றால், அப்படியெல்லாம் ஒரு வேலை இருக்கிறதா என்றுதான் கேட்கத் தோன்றும்.

இருக்கிறது. ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் அபுனைவு இலக்கியத்துக்கென்றே பேராசிரியராகப் பணியாற்றியவர் பிர்யோ ஹீடென்மா. அவர் இலக்கணப் பிழை திருத்துபவரும் அல்ல, நாவல் விமர்சகரும் அல்ல. அரசுக் கடிதமும் கட்டுரை நூலும் எப்படிக் கட்டப்படுகின்றன, யாருக்குப் புரிகின்றன, அவற்றை எழுதுபவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதெல்லாம் அவருடைய துறை. இப்படி ஒரு வாழ்க்கைப்பணி எங்கிருந்து முளைத்தது, அதில் ஆராய்வதற்கு உண்மையில் என்ன இருக்கிறது என்பதை அடியிலிருந்து பார்ப்போம். ஃபின்னிஷ் மொழியோ மொழியியலோ தெரிந்திருக்க வேண்டியதில்லை.

## வழி தெரிவதும் வழி சொல்வதும்

ஊருக்குப் புதிதாக வந்த ஒருவர் வழி கேட்கிறார். நமக்கு அந்த இடம் கண்ணை மூடிக்கொண்டு போகுமளவுக்குப் பழக்கம். ஆனாலும் பாதிப் பேர் சொல்லும் வழி விளங்காது. "அந்தப் பழைய தியேட்டர் இருந்த இடத்துல திரும்புங்க" என்போம். தியேட்டரை இடித்துப் பத்து வருஷம் ஆகியிருக்கும். வந்தவருக்குக் கண்ணில் படுவது எது, எந்த முனையில் அவர் குழம்புவார் என்பதை யோசித்துச் சொன்னால்தான் போய்ச் சேர்வார். வழி தெரிவது ஒரு திறமை, வழி சொல்வது வேறு திறமை.

அபுனைவு என்று இங்கே சொல்வது, கற்பனைக் கதை, கவிதை, நாடகம் நீங்கலாக, உலகத்தில் உள்ள ஒன்றைப் பற்றிச் சொல்வதாக வாசகருக்கு வாக்குக் கொடுக்கும் எழுத்து. வரலாற்று நூல், வாழ்க்கை வரலாறு, பாடநூல், சமையல் புத்தகம், காளான் பறிப்போருக்கான கையேடு எல்லாம் இதில் அடங்கும். அந்த வாக்குத்தான் அடையாளம், நடை அல்ல. நல்ல வரலாற்று நூலில் காட்சி இருக்கலாம், உரையாடல் இருக்கலாம், அடுத்து என்ன ஆகுமோ என்ற பதைப்பும் இருக்கலாம். அதனாலேயே அது கதையாகிவிடாது. அதேபோல், வறட்சியாக எழுதினால்தான் அபுனைவு என்பதும் கிடையாது. வறட்சிக்கு நம்பகத்தன்மை என்று பெயர் வைத்துத் தப்பிக்கும் எழுத்தாளர்கள் எல்லா மொழியிலும் இருக்கிறார்கள்.

## ஃபின்னிஷில் கதைக்கு முன்னே வந்தது

ஃபின்லாந்தில் இந்தத் துறைக்கு மரியாதை இருப்பதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. ஃபின்னிஷ் மொழியில் முதலில் அச்சேறியது ஓர் அரிச்சுவடி. மிக்கேல் அக்ரிகொலா 1543 வாக்கில் வெளியிட்டது. அதன் பிறகு 300 ஆண்டுகளுக்கும் மேலாக ஃபின்னிஷில் நாவல் கிடையாது. அலெக்ஸிஸ் கிவி எழுதிய முதல் நாவல் 1870இல்தான் வந்தது.

இடைப்பட்ட காலத்தில் நாட்டை ஆண்டது முதலில் ஸ்வீடன், 1809க்குப் பிறகு ரஷ்யப் பேரரசு. படித்தவர்களின் மொழியும் அலுவலக மொழியும் ஸ்வீடிஷ். குடியானவர்களின் மொழி ஃபின்னிஷ். அந்தக் குடியானவர்களுக்கு எதையாவது சொல்லியாக வேண்டிய தேவையிலிருந்துதான் ஃபின்னிஷ் உரைநடை வளர்ந்தது.

எலியாஸ் லொன்ரூட் என்ற பெயர் தமிழ் வாசகர்கள் சிலருக்குத் தெரிந்திருக்கும். நாட்டுப்பாடல்களைத் திரட்டி 1835இல் 'கலேவலா' காவியத்தை வெளியிட்டவர். அந்தக் காவியத்தை ஆர். சிவலிங்கம் தமிழாக்கி 1994இல் வெளியிட்டார். ஆனால் லொன்ரூட் தொழிலால் மருத்துவர், கயானி என்ற வடக்குச் சிற்றூரில் மாவட்ட மருத்துவராக இருந்தவர். அவர் 1839இல் குடியானவர்களுக்கென்று ஒரு வீட்டு மருத்துவ நூல் எழுதினார். பின்னாளில் ஃபின்னிஷில் தாவரவியல் நூலும் வந்தது. அதற்கான கலைச்சொற்கள் மொழியில் கிடையாது, எனவே அவரே ஆக்கினார். காய்ச்சலுக்கு இன்று ஃபின்லாந்து மருத்துவமனைகளில் புழங்கும் சொல் அவர் உருவாக்கியதுதான். காவியத்துக்காக அவரைக் கொண்டாடுகிறார்கள். அந்த மருத்துவ நூலுக்காகவும் கொண்டாடலாம் என்பது என் எண்ணம்.

1845இல் ஆன்டெரோ வரேலியுஸ், தாய்மாமன் இயற்கையைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கும் பாணியில் ஒரு நூல் எழுதினார். ஃபின்னிஷில் எளிய அறிவியல் எழுத்தின் தொடக்கமாக அதைச் சொல்கிறார்கள். இன்று ஃபின்லாந்தின் அபுனைவு எழுத்தாளர் சங்கம் தரும் ஒரு விருதுக்கு அவர் பெயர்தான்.

அப்புறம் நடந்தது ஒரு வேடிக்கையான திருப்பம். 1848இல் ஐரோப்பா முழுக்கக் கிளர்ச்சி. அந்தச் சிந்தனை குடியானவர்களைத் தொட்டுவிடக் கூடாது என்று பயந்த பேரரசர் முதலாம் நிக்கலஸின் ஆட்சி, 1850இல் ஓர் ஆணை போட்டது: ஃபின்னிஷில் சமய நூல்களும், வாழ்க்கைத் தொழிலுக்குப் பயன்படும் நூல்களும் மட்டுமே அச்சிடலாம். நாவல், அரசியல் எதுவும் கூடாது. சில ஆண்டுகளிலேயே அந்த ஆணை தளர்ந்து போனது. ஆனால் அது ஒன்றைக் காட்டுகிறது. 'பயனுள்ள எழுத்து' ஆபத்தில்லாதது என்று தணிக்கைக்காரர்களும் நம்பினார்கள். வாசிக்கப் பழகிய குடியானவன் மாட்டு வளர்ப்பு நூலோடு நிறுத்திக்கொள்வான் என்று எப்படி நம்பினார்களோ!

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: அபுனைவு என்பது உண்மையைப் பற்றிய ஒரு வாக்குறுதி, ஃபின்னிஷ் உரைநடை அந்த வகை எழுத்தில்தான் நடை பழகியது. அதனால் அங்கே அதை இலக்கியத்தின் ஏழை உறவாகப் பார்ப்பது கொஞ்சம் குறைவு.

## திருத்துவதிலிருந்து ஆராய்வதற்கு

1850இல் ஹெல்சிங்கியில் ஃபின்னிஷுக்குப் பேராசிரியர் பதவி ஏற்பட்டது. 1863இல் இரண்டாம் அலெக்ஸாண்டர் ஃபின்னிஷை அரசு அலுவல்களுக்கு உரிய மொழியாக்கும் ஆணையில் கையெழுத்திட்டார். 1876இல் தாய்மொழி ஆய்வுக்கென ஒரு கழகம், 1897இல் அதன் ஆய்விதழ். குடியானவர் மொழியை ஒரு தலைமுறைக்குள் நீதிமன்றத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் ஏற்றதாக ஆக்க வேண்டியிருந்தது. எது சரி, எது தவறு, எந்தச் சொல்லை ஏற்பது என்று தீர்மானிப்பதே அன்றைய மொழியறிஞர்களின் பெரிய வேலை. ஃபின்லாந்தில் இதை மொழிப் பராமரிப்பு என்கிறார்கள். பொது எழுத்துமொழியை ஒழுங்காக, பலருக்கும் உதவுவதாக வைத்திருக்கும் வேலை என்று பொருள் கொள்ளலாம். இதற்கென்று மொழி அலுவலகம் ஒன்று இயங்குகிறது. தொலைபேசியில் கூப்பிட்டு 'இதை எப்படி எழுதுவது' என்று கேட்கலாம். 1976இல் அகராதிப் பணி, கிளைமொழித் தொகுப்பு, மொழிப் பராமரிப்பு எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து அரசு ஓர் ஆய்வு மையம் அமைத்தது. சுருக்கமாக அதைக் கோட்டுஸ் என்பார்கள்.

மொழியறிஞர் என்றால் திருத்துபவர் என்ற பிம்பம் இந்தக் காலத்திலிருந்து வந்தது. அதைத் தவறு என்று சொல்ல முடியாது, பழையது என்று சொல்லலாம். ஒரு கடிதத்தில் எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லாமல் இருந்தும் வாசித்தவருக்கு ஒன்றும் விளங்காமல் போவது எப்படி? தனித்தனி வாக்கியங்களைத் திருத்திக்கொண்டிருந்தால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது. முழு எழுத்தையும் எடுத்து, வாக்கியங்கள் ஒன்றோடொன்று எப்படிக் கோக்கப்படுகின்றன, யார் யாரிடம் எதற்காகப் பேசுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். இதற்குப் பனுவல் மொழியியல் என்று பெயர். பனுவல் என்பது இங்கே ஒரு முழு எழுத்துத் துண்டு: ஒரு கடிதம், ஓர் அத்தியாயம், ஒரு மருந்துச் சீட்டு. கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தப் பார்வை ஃபின்லாந்துக்குள் வலுவாக நுழைந்தது. ஹீடென்மா இந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர்.

## வாக்கியத்துக்கு உள்ளே நடப்பது

இனி உண்மையான இயக்கத்துக்குப் போகலாம். ஃபின்லாந்துக்குப் பொருத்தமான ஒரு விஷயத்தையே எடுத்துக்கொள்வோம்: குளிர்காலத்தில் ஏரி ஏன் அடியிலிருந்து உறையாமல் மேலிருந்து உறைகிறது?

ஒரு விதமாக இப்படி எழுதலாம்: "4 டிகிரியில் நீரின் அடர்த்தி உச்சத்தை அடைதலின் விளைவாக நன்னீர் ஏரிகளில் மேற்பரப்பு உறைதல் நிகழ்கிறது."

இன்னொரு விதம்: "இலையுதிர் காலத்தில் ஏரியின் மேல்நீர் குளிர்கிறது. குளிர்ந்த நீர் கனமானது, அதனால் கீழே இறங்குகிறது. இந்த இறக்கம், ஏரி முழுவதும் 4 டிகிரிக்கு வரும்வரை நடக்கும். அதற்குக் கீழே குளிரும் நீர் மறுபடி லேசாகிவிடும். லேசான நீர் மேலேயே தங்கி, அங்கேயே உறைகிறது."

இரண்டிலும் தகவல் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டாவது நீளம் அதிகம். ஆனால் விளங்குகிறது. 'சுருக்கமாக எழுது' என்ற அறிவுரையை எல்லா இடத்திலும் பொருத்த முடியாது என்பதற்கு இது ஒரு சாட்சி.

இரண்டாவது ஏன் விளங்குகிறது? ஒவ்வொரு வாக்கியமும் முந்தைய வாக்கியம் விட்ட இடத்தில் தொடங்குகிறது. 'குளிர்கிறது' என்று முடிந்ததும் அடுத்தது 'குளிர்ந்த நீர்' என்று எடுக்கிறது. 'இறங்குகிறது' என்றதும் 'இந்த இறக்கம்'. வாசகருக்கு ஏற்கெனவே தெரிந்ததை முதலில் வைத்து, புதியதைப் பின்னால் தருவது. இதைத் தகவல் ஓட்டம் என்று சொல்லலாம். 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் பிராக் நகர மொழியியலாளர்கள் இதைத் தெளிவாக வகுத்தார்கள்.

ஃபின்னிஷில் இது இன்னும் சுவையானது. அந்த மொழியில் 15 வேற்றுமைகள். யார் செய்தது, யாருக்கு, எங்கே என்பதையெல்லாம் சொல்லின் விகுதியே காட்டிவிடும். எனவே சொற்களை இடம் மாற்றினாலும் இலக்கணம் குலையாது. தமிழிலும் பெரும்பாலும் அப்படித்தானே. அப்படியானால் சொல் வரிசை எதற்கு? எது தெரிந்தது, எது புதியது என்று காட்டுவதற்கு. ஃபின்னிஷ் எழுத்தாளர் ஒரு சொல்லை முன்னால் வைத்தால் அது பெரும்பாலும் இலக்கணத் தேவையால் அல்ல, வாசகரை மனதில் வைத்து. அப்படி வைக்காத எழுத்தில் ஒவ்வொரு வாக்கியமும் பிழையின்றி இருக்கும்; மொத்தமாக வாசித்தால் எதுவும் ஒட்டாது.

அடுத்து, 'இறங்குகிறது' என்ற வினை 'இறக்கம்' என்ற பெயராக மாறியதைக் கவனியுங்கள். இது பெயராக்கம்: ஒரு செயலைப் பெயர்ச்சொல்லாக ஆக்கிக்கொள்வது. ஃபின்லாந்தின் மொழிப் பராமரிப்பாளர்கள் இதோடு பல காலம் சண்டை போட்டார்கள். அலுவலகங்களில் 'சோதித்தோம்' என்று எழுத மாட்டார்கள், 'சோதனையை நிறைவேற்றினோம்' என்பார்கள். இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'பெயர்ச்சொல் நோய்'. நல்ல பெயர்தான். வினையெல்லாம் பெயராகிவிட்ட வாக்கியத்தில் யாரும் எதையும் செய்வதில்லை, எல்லாம் 'நிகழ்கிறது', 'மேற்கொள்ளப்படுகிறது'.

ஆனால் பனுவல் ஆய்வாளர்கள் இதை நோய் என்று மட்டும் விட்டுவிடவில்லை. ஃபின்னிஷ் ஆய்வாளர்கள் பலரும் கைக்கொண்ட முறை, பிரிட்டனில் பிறந்து ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய மொழியியலாளர் எம். ஏ. கே. ஹாலிடேயுடையது. மொழியின் ஒவ்வொரு அமைப்பும் எந்த வேலைக்காக இருக்கிறது என்று கேட்பது அதன் அடிப்படை. அப்படிக் கேட்டால், பெயராக்கம் இல்லாமல் அறிவியல் எழுத்தே நடக்காது என்று தெரியவரும். 'இந்த இறக்கம்' என்று ஒரு முழு நிகழ்வையும் ஒரே சொல்லில் பிடித்துக்கொண்டதால்தான் அதைப் பற்றி அடுத்த விஷயத்தைச் சொல்ல முடிந்தது. செயலை முதலில் வினையாகக் காட்டி, வாசகருக்கு அது விளங்கிய பிறகு பெயராக எடுத்தால் வசதி. காட்டாமலேயே பெயராக வைத்தால்? மேலே உள்ள முதல் உதாரணம்தான்.

ஆக, 'பெயராக்கம் கெட்டது' என்று விதி எழுதுவது எளிது. 'எங்கே உதவுகிறது, எங்கே கெடுக்கிறது' என்று காட்டுவதுதான் ஆய்வு. இந்தத் துறையின் சாரம் என்று நான் நினைப்பது இதுதான்.

இன்னொன்று தமிழர்களுக்கு உடனே புரியும். "விண்ணப்பதாரர் அலுவலகத்துக்குக் கெடுவுக்குள் அனுப்பிய விளக்கம்" என்று எழுதினால், முக்கியமான சொல் 'விளக்கம்' கடைசியில் வருகிறது. அதுவரை வந்ததையெல்லாம் வாசகர் கையில் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஃபின்னிஷ் அலுவலக மொழியிலும் இதே வரிசையில் தொடர் அமைக்கலாம், அமைக்கவும் செய்கிறார்கள். ஆனால் ஃபின்னிஷில் 'எந்த விளக்கம் என்றால், விண்ணப்பதாரர் அனுப்பியது' என்பதுபோலப் பின்னால் பிரித்து எழுதவும் இயல்பான வழி உண்டு. எனவே அங்கே எழுதுபவருக்குத் தேர்வு இருக்கிறது. தமிழில் நாம் பெரும்பாலும் வாக்கியத்தையே இரண்டாக உடைக்க வேண்டியிருக்கும்.

கடைசியாக, செய்தவர் காணாமல் போவது. ஃபின்னிஷில் செய்தவரைக் குறிப்பிடாமலே செயலைச் சொல்லும் வினைவடிவம் ஒன்று உண்டு. பேச்சில் சாதாரணமாகப் புழங்கும் வடிவம்தான். அரசுக் கடிதத்தில் 'விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுள்ளது' என்று வரும்போது யார் நிராகரித்தது, யாரிடம் கேட்பது என்ற கேள்வி அந்தரத்தில் நிற்கிறது. பாடநூலில் இதே உத்தி வேறு வேலை செய்கிறது: சொல்பவர் யாருமே இல்லாததால், சொல்லப்படுவது மறுக்க முடியாத உண்மைபோலத் தெரிகிறது. பாடநூல்களை ஆராய்ந்தவர்கள் இதைத்தான் தோண்டினார்கள்.

சுருக்கமாக: தகவல் ஓட்டம், பெயராக்கம், முன்னால் கோக்கும் அடைகள், மறையும் செய்பவர். இவை நான்கும் இலக்கணப் பிழைகள் அல்ல, எழுதுபவரின் தேர்வுகள். அந்தத் தேர்வுகள் வாசகரை என்ன செய்கின்றன என்று பார்ப்பதே ஆய்வாளரின் வேலை.

## அரசுக் கடிதம் ஒரு சட்டப் பிரச்சினை ஆனபோது

ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வகைமை உண்டு. எந்தச் சூழலில், எந்த நோக்கத்துக்காக எழுதப்படுகிறது என்பதால் அமையும் வழக்கமான வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம். நலத்திட்ட உதவி கேட்டவருக்கு வரும் முடிவுக் கடிதம் ஒரு வகைமை. வாங்கியவர் முதலில் தேடுவது 'கிடைத்ததா, இல்லையா' என்பதை. அலுவலக மரபோ சட்டப்பிரிவு எண்களை முதலில் அடுக்கச் சொல்லும். எந்த மரபு எங்கிருந்து வந்தது, அதிகாரி யாருக்குப் பயந்து அப்படி எழுதுகிறார் என்பது வரை போனால்தான் கடிதம் மாறும். அவர் எழுதுவது விண்ணப்பதாரருக்கு மட்டுமல்ல; மேல்முறையீட்டில் வாசிக்கப்போகும் நீதிபதிக்கும் சேர்த்துத்தான்.

2000இல் வேசா ஹெய்க்கினன், ஹீடென்மா, ஊல்லா தீலிலா ஆகிய மூவரும் சேர்ந்து அலுவலக மொழியைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்கள். எழுத்தை ஒரு வேலையாக, அலுவலகத்தின் அன்றாட உழைப்பாகப் பார்த்த நூல். தீலிலா பின்னர் இப்படிப்பட்ட முடிவுக் கடிதங்களையே முனைவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். அது 2007இல் வெளியானது.

இடையில் 2003இல் ஃபின்லாந்து நாடாளுமன்றம் நிர்வாகச் சட்டத்தை நிறைவேற்றியது. 2004 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, அதிகாரிகள் முறையான, தெளிவான, விளங்கக்கூடிய மொழியைப் பயன்படுத்த வேண்டும் என்கிறது. நல்ல நடை அன்றிலிருந்து கடமை ஆகிவிட்டது. சட்டம் போட்டதால் எல்லாக் கடிதமும் மறுநாளே தெளிவாகிவிடவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இங்கே அடிக்கடி வரும் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தெளிவான அலுவலக மொழி வேறு, எளியமொழி வேறு. எளியமொழி என்பது வாசிப்புக் குறைபாடு உள்ளவர்களுக்கும், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கும், ஃபின்னிஷ் புதிதாகக் கற்பவர்களுக்கும் என்று தனியாகத் தயாரிக்கப்படும் வடிவம். அதற்குத் தனி மையம், தனிச் செய்தித்தாள், பொது ஒலிபரப்பு நிறுவனத்தில் தனிச் செய்தி அறிக்கை எல்லாம் உண்டு. தெளிவான அலுவலக மொழியோ எல்லோருக்குமானது. ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை வைத்துவிட முடியாது.

## இந்த வேலைக்கு எப்படிப் போய்ச் சேர்வது

பாதை மற்ற மொழியியல் ஆய்வுகளைப் போன்றதுதான். பல்கலைக்கழகத்தில் ஃபின்னிஷ் மொழி, முதுகலை ஆய்வேடு, பிறகு முனைவர் ஆய்வு. முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு பொதுமக்கள் முன்னிலையில் நடக்கும். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். அதன் தொடக்கத்தில் ஆய்வாளர் ஒரு சிற்றுரை ஆற்ற வேண்டும். வழக்கமாக 20 நிமிடத்துக்கு மிகாது. அந்த உரை, துறைக்கு வெளியே உள்ளவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. எதிரே தேர்வாளர் மட்டும் அல்ல, ஆய்வாளரின் அப்பா அம்மாவும் பழைய பள்ளித் தோழர்களும் இருப்பார்கள். பல ஆண்டு ஆய்வை அவர்களுக்கு முதலில் விளக்கிவிட்டுத்தான் நிபுணரின் கேள்விக்குப் பதில் சொல்ல முடியும். இந்த வழக்கம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நம் பல்கலைக்கழகங்கள் கடன் வாங்கினால் தப்பில்லை.

பட்டத்துக்குப் பிறகு தோசென்ட் என்ற தகுதிப் பெயர் கிடைக்கலாம். சுயமாக ஆய்வு நடத்தவும் கற்பிக்கவும் வல்லவர் என்று பல்கலைக்கழகம் தரும் அங்கீகாரம் அது. சம்பளப் பதவி அல்ல. நிரந்தரப் பேராசிரியர் பதவிகள் மிகக் குறைவு. அபுனைவுக்கென்று பதவி என்பது இன்னும் அரிது. நார்வேயின் ஒஸ்லோ பல்கலைக்கழகமும் இந்தத் துறையில் பேராசிரியரை நியமித்தது. அதற்கு வெளியே, இதழியல் துறைக்குள்ளோ படைப்பெழுத்துப் பயிற்சிக்குள்ளோதான் பெரும்பாலும் இது ஒளிந்துகொண்டிருக்கும்.

ஹீடென்மாவின் பாதையில் மூன்று விதமான இடங்கள் வருகின்றன. முதலில் கோட்டுஸில் ஆய்வாளர். பிறகு எழுத்தாளர் அமைப்புகள்: ஃபின்லாந்து அபுனைவு எழுத்தாளர் சங்கத்தின் தலைவர், அப்புறம் ஐரோப்பிய எழுத்தாளர் மன்றத்தின் தலைவர். பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி மூன்றாவது. மொழியை ஆராய்பவர் எழுத்தாளர் சங்கத்துக்குத் தலைவராவது முதலில் பொருத்தமில்லாமல் தோன்றலாம். யோசித்தால் இயல்புதான். ஒரு மொழியில் நல்ல அபுனைவு வர வேண்டும் என்றால் எழுதுபவருக்கு நேரம் வேண்டும். நேரத்துக்குப் பணம் வேண்டும்.

ஃபின்லாந்தின் மக்கள்தொகை சுமார் 55 லட்சம். எவ்வளவு நன்றாக விற்றாலும் ஒரு நூலுக்குச் சந்தை சிறியது. அபுனைவு எழுதுபவர்களில் பெரும்பாலோர் ஆசிரியர்கள், ஆய்வாளர்கள், மருத்துவர்கள், பத்திரிகையாளர்கள். எழுத்து மாலை நேர வேலை. 1983இல் தொடங்கிய அவர்களுடைய சங்கத்தில் இப்போது 3000க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். பள்ளிகளும் அலுவலகங்களும் நூல்களை நகலெடுப்பதற்குக் கட்டும் பதிப்புரிமைத் தொகையில் ஒரு பங்கு சங்கத்துக்கு வருகிறது. அதை எழுத்தாளர்களுக்கு நல்கையாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். 2007 முதல் பொது நூலகத்தில் இரவல் போகும் நூல்களுக்கும் ஆசிரியருக்கு ஈட்டுத்தொகை உண்டு. விருதுகளும் இருக்கின்றன. 1989 முதல் சிறந்த அபுனைவு நூலுக்கு ஃபின்லாண்டியா விருது தருகிறார்கள். இன்று நாவலுக்குத் தரப்படும் ஃபின்லாண்டியா விருது தொடங்கியது 1984இல்.

## ஆங்கிலம் வரும் இடம்

2003இல் ஹீடென்மா ஃபின்னிஷ் மொழியின் நிலையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தலைப்பின் முன்பாதி ஃபின்னிஷில் 'ஃபின்னிஷ் மொழி' என்கிறது. பின்பாதி 'ஹூ கேர்ஸ்?' என்று ஆங்கிலத்தில் கேட்கிறது. ஃபின்னிஷ் அழிந்துவிடும் என்று ஒப்பாரி வைப்பவர்களும், அதெல்லாம் ஒன்றும் ஆகாது என்பவர்களும் அங்கேயும் உண்டு. இந்த விவாதத்தில் உபயோகமான ஒரு கருத்து, துறை இழப்பு. ஒரு மொழி வீட்டிலும் தெருவிலும் நலமாக இருக்கும். ஆனால் இயற்பியல், மருத்துவம், நிதி என்று ஒவ்வொரு துறையாக அதில் எழுதுவது நின்றுபோகும். எழுதாத துறையில் புதிய சொல் பிறக்காது. சொல் இல்லாத துறையில் எழுத வராது. நார்டிக் நாடுகள் எல்லாவற்றிலும் இந்தக் கவலை இருக்கிறது.

காரணம் ஆய்வாளர்களின் சோம்பல் அல்ல. ஃபின்லாந்தில் ஆய்விதழ்களையும் பதிப்பகங்களையும் தரவரிசைப்படுத்தும் அமைப்பு ஒன்று உண்டு. பல்கலைக்கழகங்களுக்கான அரசு நிதி, அங்கே வெளியிடப்படும் ஆய்வுகளின் தரநிலையையும் ஓரளவு சார்ந்திருக்கிறது. மேல்தட்டில் இருப்பவை பெரும்பாலும் ஆங்கில இதழ்கள். பொதுமக்களுக்காக ஃபின்னிஷில் ஒரு நல்ல நூல் எழுதினால் அதற்குக் கிடைக்கும் எடை மிகக் குறைவு. அந்த நூலுக்கு இரண்டு மூன்று ஆண்டு போகும். ஓர் இளம் ஆய்வாளர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று ஊகிக்கப் பெரிய கணக்கு தேவையில்லை.

எதிர்த்திசையிலும் வேலை நடக்கிறது. ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் 2011இல் தொடங்கிய அறிவியல் கலைச்சொல் வங்கியில் ஒவ்வொரு துறையின் ஆய்வாளர்களும் தங்கள் சொற்களைத் தாங்களே ஃபின்னிஷில் வரையறுத்து ஏற்றுகிறார்கள். யார் வேண்டுமானாலும் இணையத்தில் வாசிக்கலாம். 2019இல் ஃபின்லாந்தின் அறிவியல் கழகங்களின் கூட்டமைப்பும் வேறு சில அமைப்புகளும் ஹெல்சிங்கி முன்னெடுப்பு என்ற அறிக்கையை வெளியிட்டன. ஆய்வு முடிவுகள் அந்தந்த நாட்டு மொழிகளிலும் வர வேண்டும், மதிப்பீட்டில் மொழியை வைத்து யாரையும் பின்தள்ளக் கூடாது என்பது அதன் கோரிக்கை. பல நாடுகளிலிருந்தும் பல்கலைக்கழகங்களும் கழகங்களும் அதில் கையெழுத்திட்டிருக்கின்றன. நிதிக் கணக்கில் ஒரு பொது அபுனைவு நூலின் எடை என்னவோ, ஆங்கில ஆய்விதழ்க் கட்டுரையின் பக்கத்தில் நிற்கும் அளவுக்கு இன்னும் வரவில்லை.